இரு மொழி அறிந்த குரலுக்கு வேலை எங்கே?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் அண்மையில் நடந்த அரசியல் வகுப்பு முடிந்ததும், தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "தோழர், வானொலியிலோ தொலைக்காட்சியிலோ வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பயிற்சி நிறுவனங்களின் பெயர்களைச் சொன்னேன். அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர், "அதெல்லாம் சரிங்க தோழர். இந்தத் தம்பி படிச்சு முடிச்சு எந்த டிவியில நம்ம சங்கதியப் பேசுவாரு? கோயமுத்தூர்க்காரங்களுக்கு நாம கேரளா, கொச்சிக்காரங்களுக்கு நாம தமிழங்க" என்றார்.

மாணவர் கேட்டது வேலையைப் பற்றி. மூத்த தோழர் கேட்டது உரிமையைப் பற்றி. இவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இரண்டுக்கும் விடை கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எல்லைப் பகுதித் தமிழ் இளைஞருக்கு ஒலி, ஒளி ஊடகங்களில் வேலை வேண்டுமானால், எல்லைப் பகுதித் தமிழ் உழைப்பாளிக்குத் தன் மொழியில் தன் பகுதிச் செய்தி கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை முதலில் எழ வேண்டும். அக்கோரிக்கையை எழுப்ப வேண்டியவர்கள் நாம்.

மனு எழுதும் உரிமையும் செய்தி கேட்கும் உரிமையும்

1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களின் தமிழ் உழவர்களும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் வழிவகுத்தது. நடைமுறையில் குறைகள் இருப்பினும் இது முக்கியமான உரிமை. ஆனால் அச்சட்டம் காகிதத்தோடு நின்றுவிட்டது. மனு எழுதத் தமிழ் உண்டு. செய்தி கேட்கத் தமிழ் வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இதன் விளைவு என்ன? சென்னையிலிருந்து இயங்கும் தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் தமிழ்நாட்டின் செய்தியைச் சொல்கின்றன. கொச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் இயங்கும் அலைவரிசைகள் மலையாளத்தில் கேரளத்தின் செய்தியைச் சொல்கின்றன. கொழிஞ்சாம்பாறை விவசாயிக்குப் பரம்பிக்குளம், ஆழியாறு நீர்ப் பங்கீட்டைப் பற்றிய முடிவு இரு மாநிலத் தலைநகரங்களிலும் எடுக்கப்படுகிறது. அம்முடிவு தன் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அவருக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் எவருக்கும் முதன்மை நேயர் அல்லர். விளம்பரதாரர் கணக்கில் எல்லைத் தமிழர் ஒரு சந்தையாகக்கூட மதிக்கப்படுவதில்லை. ஊடகத்தை இலாபம் நடத்தும்போது, இலாபம் தராத மக்களின் மொழி மௌனமாக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலண்டனிலிருந்து வந்த வானொலி

சித்தூர் வட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கொக்கக்கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதையும் கிணறுகள் கெட்டுப்போவதையும் எதிர்த்து, மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவர்கள் நாள்தோறும் தங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தனர். 2003 இல் பிபிசி வானொலியின் புலனாய்வு நிகழ்ச்சிக் குழு ஒன்று அங்கு வந்தது. விவசாயிகளுக்கு உரம் என்று சொல்லி ஆலை வழங்கிய கழிவுச் சேற்றின் மாதிரியை எடுத்துச் சென்று, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை ஒலிபரப்பியது. அதன் பின்னரே பிரச்சினை உலகின் கவனத்துக்கு வந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

ஆலையை நிறுத்தியது மக்களின் போராட்டமே, வானொலி அன்று. ஆனால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிளாச்சிமடைப் பெண்களின் பேச்சைக் கேட்டு, ஒரு பிடி சேற்றைப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு செய்தியாளர் ஏன் இலண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது? அப்பெண்களின் பேச்சைப் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய இளைஞர்கள் அடுத்த ஊரிலேயே இருந்தனர். அவர்கள் கையில் ஒலிவாங்கி இல்லை, அவ்வளவே.

இடுக்கியின் பாடம் இதைவிடக் கொடியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் இராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பல நாட்களாகப் பெருமழை. மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் செயலிழந்திருந்தது. இரவில் நடந்த பேரழிவின் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. ஒரு வானொலி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மலைச் சரிவின் அடிவாரத்தில் லயம் கட்டி மக்களைக் குடியமர்த்திய தோட்ட முறைதான் முதல் குற்றவாளி. ஆயினும், மின்சாரமும் கைபேசியும் நின்றுபோன மலையில் மின்கலத்தில் இயங்கக்கூடிய செய்திச் சாதனம் வானொலி ஒன்றே. எச்சரிக்கையை மாவட்ட நிர்வாகத்தின் மலையாளத்திலிருந்து லயத்தின் தமிழுக்கு உடனுக்குடன் மாற்றிச் சொல்ல ஒருவர் அந்த நிலையத்தில் பணியில் இருக்க வேண்டும். இதை வெறும் வேலைவாய்ப்புப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

திறன் இருக்கிறது; பணியிடம் இல்லை

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு மலையாளமும் முழுமையாக வரவில்லை, தமிழும் முழுமையாக வரவில்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடையேகூட உண்டு. முப்பது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் கட்சி ஆவணங்களைத் தமிழாக்கி வருபவன் என்ற முறையில் இக்கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைவீதியில் இரண்டும், அரசு அலுவலகத்தில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலமும் என்று வளர்ந்த பிள்ளை, பிறர் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளும் திறனைப் பத்து வயதிலேயே பெற்றுவிடுகிறது. அத்திறனுக்கு இலக்கணமும் பயிற்சியும் சேர்ந்தால் அதுவே ஒலிபரப்புத் தொழிலின் மூலதனம்.

இதற்குச் சான்று கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கைட் விக்டர்ஸ் கல்வி அலைவரிசை, 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பள்ளி வகுப்புகளை ஒளிபரப்பத் தொடங்கியது. தமிழ்வழி மாணவர்களுக்கான பாடங்களும் தயாரிக்கப்பட்டு, பாலக்காட்டில் இயங்கிய யூடியூப் பக்கத்தின் வழியே வெளியிடப்பட்டன. அதற்கு முன் ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று பழகாத ஆசிரியர்கள் பாடத்தை எழுதி, தமிழாக்கி, பேசி, பதிவு செய்தனர். பணியிடம் எதுவும் உருவாக்கப்படாமலேயே, அவசரம் நேர்ந்தபோது கேரளத்தில் ஒரு தமிழ் ஒளிபரப்புக் குழு உருவாயிற்று. அவசரம் தீர்ந்ததும் அனுபவம் கலைந்துபோனால், நட்டம் யாருக்கு?

மாணவர் கேட்ட கேள்விக்கு நேரான விடை

இனி அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அலங்காரமின்றிச் சொல்ல வேண்டும்.

முதல் வழி அரசு ஒலிபரப்பு. அகில இந்திய வானொலியில் செய்தி வாசிப்பாளர் என்பவர் வாசிப்பவர் மட்டுமல்லர், மொழிபெயர்ப்பாளரும் ஆவார். அப்பணியின் பெயரே அப்படித்தான் அமைந்துள்ளது. எழுத்துத் தேர்வு, மொழிபெயர்ப்புத் தேர்வு, குரல் தேர்வு ஆகியவற்றைக் கடந்து வர வேண்டும். அறிவிப்பாளர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர் பணிகளும் உண்டு. இடுக்கியில் தேவிகுளம் நிலையம் மலையாளத்துடன் தமிழ் நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பி வருகிறது. தமிழில் பட்டம் பெற்று, மலையாளமும் ஆங்கிலமும் அறிந்த எல்லைப் பகுதி இளைஞர் இப்பணிகளுக்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால், 1997 இல் பிரசார் பாரதி அமைந்த பின் நிரந்தர நியமனங்கள் அருகி, நிலையங்கள் தற்காலிகப் பணியாளர்களைக் கொண்டே ஓட்டப்படுகின்றன. தற்காலிக அறிவிப்பாளருக்கு வழக்கமாக மாதத்தில் ஆறு நாட்களுக்கு மேல் பணி தரப்படுவதில்லை. அதற்கு மேல் தந்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்ற அச்சமே காரணம். இந்தி, ஆங்கில வாசகங்களில் பொதுச் சேவை என்று எழுதிவைத்துவிட்டு, மாதம் ஆறு நாள் கூலிக்கு அச்சேவையை நடத்துகிறது ஒன்றிய அரசு. 2019 ஜனவரியில் அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசையும் ஐந்து மண்டலப் பயிற்சிக் கழகங்களும் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அவ்வைந்தில் ஒன்று திருவனந்தபுரம். மாணவர் தட்டக்கூடிய கதவுகளில் ஒன்று அன்று சாத்தப்பட்டது.

இரண்டாம் வழி தனியார் அலைவரிசைகள். செய்தி மேசை, களச் செய்தி, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வரைகலை, பின்னணிக் குரல், வசன மொழியாக்கம் எனப் பல வேலைகள் உள்ளன. திரையில் தோன்றும் முகம் ஒன்று என்றால், திரைக்குப் பின்னால் உழைக்கும் கைகள் பல. இளைஞர்கள் முகத்தை மட்டும் பார்த்து இத்துறைக்கு வருவதைத் தவிர்த்து, கைத்தொழிலாக ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்வது நல்லது. மாவட்டங்களில் பணியாற்றும் செய்தியாளர்களில் பலருக்கு மாத ஊதியம் இல்லை. கொடுத்த செய்திக்கு மட்டும் காசு. 1955 ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் அதன் ஊதியக் குழுக்களும் அச்சு ஏடுகளுக்கே உரியவையாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மின்னணு ஊடகத்தவரையும் வரையறைக்குள் சேர்த்தன. அதே வேளையில் 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தனி ஊதியக் குழு முறையையும் ஒழித்துவிட்டன. பெயரைக் கொடுத்து ஊதியத்தைப் பறிக்கும் வித்தை இது. எனவே இத்துறைக்கு வரும் இளைஞர் ஒலிவாங்கியோடு சங்கத்தின் உறுப்பினர் அட்டையையும் கையில் எடுக்க வேண்டும்.

பயிற்சி பற்றி ஒரு சொல். கொச்சி காக்கநாட்டில் 1979 முதல் இயங்கும் கேரள ஊடக அகாடமி, இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் கோட்டயம் மையம், சென்னை தரமணியின் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஆகிய பொதுத்துறைக் கல்விக்கூடங்களை முதலில் நாட வேண்டும். இலட்சக்கணக்கில் கட்டணம் பெற்றுச் சான்றிதழ் தரும் தனியார் கடைகளுக்குக் கடைசி இடம் தந்தால் போதும். எனினும் அரசு நிறுவனம் என்பதாலேயே அங்கு எல்லாம் நேராக இருக்கும் என்பதும் இல்லை. கோட்டயத்தின் கே.ஆர். நாராயணன் தேசியக் காட்சி அறிவியல் நிறுவனத்தில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து மாணவர்கள் 2022 டிசம்பரில் போராடினர். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களை இந்நிறுவனங்களுக்கு அனுப்பும்போது, அங்குள்ள மாணவர் இயக்கத்தின் துணை அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கிடைக்கச் செய்ய வேண்டும்.

'கைபேசி இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. இனி வானொலி எதற்கு?' என்று சில தோழர்கள் கேட்கின்றனர். கைபேசி நல்ல கருவி. ஆனால் அங்கும் எது எவரை எட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அமெரிக்கப் பெருநிறுவனம். கோபுரம் செயலிழந்த இரவில் அதுவும் இல்லை. 'இனிச் செயற்கை நுண்ணறிவே வாசித்துவிடும்' என்பாரும் உண்டு. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷன் கிசான் அலைவரிசை இரு இயந்திர வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தி, அவை ஐம்பது மொழிகளில் பேசும் என்று அறிவித்தது. இயந்திரம் மழை அளவை வாசிக்கும். எந்த டிவிஷனின் எந்த லயம் ஓடைக்கு அருகில் இருக்கிறது, அங்கு வயதானோர் எத்தனை பேர் என்று அறிந்து பேசுவதற்கு, அந்த மண்ணில் வளர்ந்த மனிதர் வேண்டும்.

மூன்றாம் வழி: சமுதாய வானொலி

மூன்றாம் வழியை நாமே உருவாக்க வேண்டும். வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பெரும்பயனைத் தனியார் முதலாளிகளே அறுவடை செய்தனர். எனினும் 2004 இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கல்வி நிறுவன வானொலி ஒன்று தொடங்கியது. 2006 இல் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி நடத்தும் உரிமை விரிவாக்கப்பட்டது. சிறு திறன் கொண்ட ஒலிபரப்பி, சில கிலோமீட்டர் வட்டாரம், பாதிக்குக் குறையாத நிகழ்ச்சிகளில் உள்ளூர் மக்களின் பங்கேற்பு, உள்ளூர் மொழி என்பன அதன் விதிகள்.

நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில் இது எவ்வாறு நடந்தது என்பதை அறிய, தெலங்கானாவின் மாச்சனூரைப் பார்க்கலாம். அங்கு 2008 அக்டோபரில் ஒலிக்கத் தொடங்கிய சங்கம் வானொலியை நடத்துபவர்கள் தலித் பெண்கள். உரிமம் கிடைக்கும் முன்னரே பல ஆண்டுகள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிவு செய்து, கிராமச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு, தொழிலைக் கற்றுக்கொண்டனர். கேரளத்திலேயே வயநாட்டின் மாற்றொலி வானொலி மலைமாவட்ட மக்களுக்காக இயங்கி, பழங்குடி மொழிகளிலும் நிகழ்ச்சிகளைத் தருகிறது. வயநாட்டில் முடிந்தது இடுக்கியில் ஏன் முடியாது?

இங்குத் தோழர்கள் இரு விதிகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று: அரசியல் கட்சிகளும் அவற்றின் தொழிற்சங்க, மாணவர், மாதர் அமைப்புகளும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்க முடியாது. எனவே நாம் உரிமம் பெறப் போவதில்லை. கல்லூரிகளையும் வேளாண் அறிவியல் மையங்களையும் மூன்றாண்டுக்குக் குறையாமல் இயங்கிய பதிவுபெற்ற தொண்டமைப்புகளையும் ஊக்குவிப்பதே நம் பணி. தமிழ்த் துறை கொண்ட சித்தூர் அரசுக் கல்லூரி இதற்குப் பொருத்தமான இடம். இரண்டு: சமுதாய வானொலி தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே தரலாம், அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்துத் தரலாம். முதல் பகுதி கண்டிக்கத்தக்க தடை. ஆனால் இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள்: மொழிபெயர்ப்பாளர் இன்றி அங்குச் செய்தியே இல்லை. மேலும் வானிலை, இயற்கைப் பேரிடர், குடிநீர், மின்சாரம், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு பற்றிய அறிவிப்புகள் செய்தி என்ற தடைக்குள் வருவதில்லை. ஒரு மலைச்சரிவு எச்சரிக்கையைத் தமிழில் சொல்ல இன்றைய விதியே இடம் தருகிறது.

நம் பக்கத்துக் குறை

பிறரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மை ஆகாது. 2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தோட்டத் தொழிலாளர்கள், தினக்கூலி 232 ரூபாயாக இருந்த நிலையில், 20 விழுக்காடு போனஸ் கோரி ஒன்பது நாட்கள் தெருவில் அமர்ந்தனர். போனஸ் 8.33 விழுக்காடும் கருணைத்தொகை 11.67 விழுக்காடுமாக அதைப் பெற்றனர். அவர்களின் சினம் நிர்வாகத்தின் மீது மட்டுமன்று. நம் சங்கம் உட்பட எல்லாத் தொழிற்சங்கத் தலைமைகளின் மீதும் இருந்தது. அந்நாட்களில் மலையாளச் செய்தி அலைவரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொளுந்தின் எடை, மஸ்டர், லயத்தின் ஒழுகும் கூரை என்று அப்பெண்கள் நிரல்பட விரித்துச் சொன்ன கணக்கு, திரையின் அடியில் ஒரு வரி மலையாளமாகச் சுருங்கி ஓடியது. அழுகையும் கோஷமும் மட்டும் முழுதாக வந்தன.

செய்தியாளர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அந்தக் கணக்கை லயங்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்டு, பதிவு செய்து, மேலே எடுத்துச் சென்றோமா நாம்? நம் அறிக்கைகள் மேலிருந்து கீழே தமிழாக்கப்பட்டு வருகின்றன. அதைச் செய்பவன் நானே. கீழிருந்து மேலே அவர்களின் பேச்சு மலையாளமாகச் சென்றது குறைவு. அதற்கு நாம் ஆள் அமர்த்தவில்லை.

செய்ய வேண்டியவை

தேவிகுளம் நிலையத்தில் நாள்தோறும் கேரளத் தமிழர்க்கான செய்தியறிக்கையும், அதற்கு நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும். பேரிடர் எச்சரிக்கைகளைத் தமிழிலும் வெளியிட மாவட்ட அளவில் மொழிபெயர்ப்பாளர் பணியிடத்தை மாநில அரசு உருவாக்க வேண்டும். விக்டர்ஸ் அலைவரிசையில் தமிழ்ப் பிரிவு நிலையானதாக வேண்டும். கேரள ஊடக அகாடமியில் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு இடமும் உதவித்தொகையும் கோர வேண்டும். சாதாரண மக்கள் பங்கு வாங்கி 2000 இல் தொடங்கிய கைரளி தொலைக்காட்சியிடமும் நாள்தோறும் ஒரு தமிழ்ச் செய்தியறிக்கையைத் தோழமையுடன் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவை யாவும் கைகூடும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாச்சனூர்ப் பெண்கள் ஒலிநாடாவில் தொடங்கியதைப் போல, நம் கிளைகள் வாரந்தோறும் பத்து நிமிட ஒலிச் செய்தி ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்யலாம்: கூலி, குடிநீர், மருத்துவமனை, பள்ளி, அரசு உத்தரவு. எழுதுபவரும் பெயர்ப்பவரும் வாசிப்பவரும் நம் பகுதி இளைஞர்களாக இருக்கட்டும். சங்கக் கூட்டத்திலும் லயத்து வாசலிலும் அதைப் போட்டுக் கேட்போம். குறை கேட்டுத் திருத்துவோம். ஓராண்டு இவ்வாறு உழைத்தவர் எந்த நிலையத்தின் குரல் தேர்வுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

சித்தூர் மாணவரிடம் இதைச் சொன்னேன். முதல் பதிவுக்கு வாசகம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் முதல் நேயராக, கேள்வி கேட்ட மூத்த தோழரையே அமர்த்தியிருக்கிறோம்.